சனியை நேரில் பார்த்தவனுக்கு

பெற்ற பிள்ளைக்கு எழுதும்போது சிரஞ்சீவி என்று போட்டு ஆரம்பிக்க வேண்டும். போட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். நீ நீண்ட நாள் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் மாறுபாடு இல்லை. இதை நீ படிக்கும்போது நான் ஹௌராவில் மதராஸ் மெயிலில் ஏறியிருப்பேன். வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு இரண்டாம் கல்யாணம். மூத்தவள் விசாலம் உயிரோடு, மாயவரத்தில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். உனக்குப் பிறந்த மூன்று வயசுப் பெண் அவளோடு இருக்கிறாள். அவர்கள் இருவரும் அங்கே இருக்க, இங்கே பவானிப்பூரில் உனக்குப் பந்தல்கால் நட்டாகிவிட்டது. கைம்பெண்ணான நான் எப்படியும் மணை அருகில் வரப்போவதில்லை. சமையல்கட்டில் புகையோடு புகையாக இருந்திருப்பேன். நான் இல்லாதது கல்யாணக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. உனக்காவது தெரியட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உறையில் போட்டு ஒட்டவில்லை. கூடத்து மேஜைமேல் அப்படியே வைத்துவிட்டுப் போகிறேன். உன் சித்தப்பா முதலில் எடுத்தால் அவரே படிக்கட்டும், கல்யாணத்துக்கு வந்தவர்கள் எடுத்தால் அவர்களும் படிக்கட்டும். எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது அவருடைய அண்ணாதானே. உன் அப்பா கிடர்பூரில் கப்பல் கம்பெனிக் குமாஸ்தாவாக இருந்தபோது ஆபீஸில் கழித்துப் போட்ட காகிதங்களைக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் என்னை எழுதவைப்பார். முன்பக்கத்தில் சணல் மூட்டையும் தேயிலைப் பெட்டியும் இங்கிலீஷில் இருக்கும். பின்பக்கத்தில் என் கோணல் எழுத்து இருக்கும். "ஊருக்கு நாலு வரி எழுத இன்னொருத்தர் மூஞ்சியைப் பாக்கப்படாது" என்பார். அவர் போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தேன். சித்தப்பா நம்மை நன்றாகவே வைத்துக்கொண்டார், அதை நான் மறுக்கவில்லை. சுங்க ஆபீஸில் அவருக்குப் பெரிய உத்தியோகம். அங்கே துரைமார்களிடம் எதையும் தீர்மானமாகச் சொல்ல முடியாத மனுஷர், வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் பிரித்தால் ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லாமல் பேசுவார். நீ அந்தக் குரலைக் கேட்டே வளர்ந்தாய். அதற்குத் தலையை ஆட்டியே பழகினாய்.

விசாலம் குடித்தனம் பண்ண வந்த முதல் கார்த்திகை மாசம் உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு அப்போதுதான் காலேஜில் சயன்ஸ் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. அங்கே மொட்டைமாடியில் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி இருக்கிறது, சனி கிரகத்தை அதில் பார்த்தால் கண்ணை எடுக்க மனசு வராது என்று வீட்டில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். பெரிய துரை ஊரில் இல்லாத ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாய். டிராமில் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தச் சுருள் இரும்புப் படியில் ஏறும்போது, நமக்கு எதற்கு இந்த வேலை என்று இருந்தது. விசாலம் ஒரு கையால் புடவைக் கொசுவத்தையும் இன்னொரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். கண்ணை முதலில் வைத்தவள் அவள்தான். பிறகு, "அம்மா, அரைஞாண் கட்டின கொழந்தை மாதிரி இருக்கு" என்றாள்.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். மங்கிய மஞ்சளாக ஒரு சின்ன உருண்டை. அதைத் தொடாமல் சுற்றிலும் ஒரு வளையம். "கறுப்புன்னா சொல்லுவா? சந்தனக் கலர்ல இருக்கே" என்று விசாலம் கேட்டாள். நீ உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தாய். அந்த வளையம் ஒரே தகடு இல்லை, கணக்கில்லாத துணுக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன, தூரத்திலிருந்து பார்க்கிறபோது ஒன்றாகத் தெரிகிறது என்றாய். நடுவில் ஒரு கறுப்புக் கோடு தெரிகிறதே, அது வளையத்துக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி என்றாய். சூரியனை ஒரு தடவை சுற்றி வர அதற்கு முப்பது வருஷம் ஆகுமாம். ஆனால் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள நம்முடைய அரை நாள்கூட வேண்டாமாம். அந்த வேகத்தில் உச்சந்தலை தட்டையாகி இடுப்புப் பெருத்துவிட்டதாம். விசாலம் சிரித்துவிட்டாள். "மந்தன்னு பேரை வெச்சுட்டு, நம்மாத்து மனுஷாளைவிட சுறுசுறுப்பா இருக்கே" என்றாள். கெட்டியான தரையே கிடையாது, முழுக்க மேகமும் ஆவியும்தான், அதைப் போடுகிற அளவுக்கு ஒரு சமுத்திரம் இருந்தால் மிதக்கும் என்று நீ சொன்னபோது, "கங்கை போறாதோ?" என்று கேட்டாள். நீ போதாது என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கணக்கே சொன்னாய். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதைக் கேட்டபோது, இந்த வீட்டில் இனி சந்தோஷத்துக்குக் குறைவில்லை என்று நினைத்தேன்.

இறங்கி வரும்போது நான் கேட்டேன், இவ்வளவு தூரத்தில் இருக்கிறவர் நம்மை எப்படிப் பிடிக்கிறார் என்று. "அது யாரையும் பிடிக்காதும்மா. அது வெறும் ஆவி. பவானிப்பூர்ல யார் சாப்பிட்டா, யார் பட்டினின்னு அது பாத்துண்டிருக்காது" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. மகனுக்கு நம்பிக்கை போய்விட்டதே என்று அன்று ராத்திரி சுவாமிக்கு ஒரு நமஸ்காரம் கூடுதலாகப் பண்ணினேன். இப்போது சொல்கிறேன், நீ அப்படியே இருந்திருந்தால் எனக்கு உன்மேல் ஒரு வருத்தமும் வந்திராது.

அடுத்த மாசி மாசம் சனி கும்பத்துக்கு வந்தது. உனக்குக் கடக ராசி, எட்டாம் இடம், அஷ்டமச் சனி. விசாலத்துக்கு அப்போது ஏழாம் மாசம். சீமந்தம் முடிந்து தலைப்பிரசவத்துக்கு அவளை ஊருக்கு அனுப்புகிற நேரம். சித்தப்பா மடியில் இரண்டு பஞ்சாங்கத்தையும் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். ஒன்று வாக்கியம், நம் பெரியவர்கள் காலங்காலமாகப் பார்த்து வருவது. மற்றது திருக்கணிதம், ஆகாசத்தில் கிரகம் நிஜமாக நிற்கிற இடத்தைப் பார்த்துத் திருத்திப் போடுவது. இரண்டுக்கும் சனிப்பெயர்ச்சி ஒத்து வருவதில்லை. சில சமயம் மாசக்கணக்கில் வித்தியாசம் வரும். "மன்னி, திருக்கணிதத்தில மாசியிலேயே வந்துடறான். வாக்கியத்தில வரதுக்கு இன்னும் நாள் இருக்கு. எதுக்கு வம்பு, முன்னாடி வரதையே எடுத்துப்போம்" என்றார். புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் காலத்தில் பிரிந்திருந்தால் கெடுதல் அதோடு போய்விடும் என்றார். குழந்தை பிறந்தாலும் தகப்பன் பார்க்கக் கூடாது, சனி பெயர்ந்த பிறகு கிண்ணத்தில் நல்லெண்ணெய் விட்டு அதில் நிழலாகத் தெரிகிற முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அப்புறம்தான் நேரில் பார்க்கலாம் என்றார்.

நான் நம்பினேன். அதற்காக இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இன்றைக்கும் சனிக்கிழமை எள்ளு முடிச்சிட்டு விளக்கு ஏற்றுகிறவள்தான் நான். நாளைக்கு ரயிலில் இருக்கிறேனே, விளக்கு எப்படி ஏற்றுவது என்ற கவலைகூட இருக்கிறது. உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று பயந்து, பயத்துக்குத் தகுந்தபடி நடந்தேன். உனக்கு அந்தப் பயம் கிடையாது. அது வெறும் ஆவி என்று சொன்ன வாயால் நீ சித்தப்பாவிடம், "சரி சித்தப்பா" என்றாய். ஸ்டேஷனில் விசாலம் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ பெட்டியைத் தூக்கி வைத்தாய், கூஜாவில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாய். அவள் எதிர்பார்த்தது கூஜாவை அல்ல. வண்டி கிளம்பும்போது என்னிடம் குனிந்து, "அவருக்கு இதுல நம்பிக்கை கிடையாதேம்மா, அப்புறம் ஏன்?" என்று கேட்டாள். பெரியவர்களுக்கு அடங்கின பிள்ளை என்று பெருமையாகச் சொன்னேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவுதான் புத்தி.

வைகாசியில் பெண் பிறந்ததாகத் தந்தி வந்தது. நான் வெண்கலக் கிண்ணம் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். குழந்தை வந்ததும் எண்ணெய் விட அதுதான் என்று. பக்கத்து வீட்டு நீரு தீதி ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து, மருமகள் எப்போது வருவாள் என்று கேட்டாள். தெருமுனை அரசமரத்தடியில் வங்காளிகள் சனி பூஜை போடுவார்களே, அந்தப் பிரசாதத்தை அவர்கள் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. அங்கேயே நின்று சாப்பிட்டு, கையையும் வாயையும் கழுவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். அன்றைக்கு அவள் அப்படித்தான் வந்திருந்தாள், கை இன்னும் ஈரமாக இருந்தது. என் வங்காளியும் அவள் ஹிந்துஸ்தானியும் கலந்து நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவள் நம்ப முடியாமல் என் முகத்தையே பார்த்தாள். "நாங்கள் சனியை வெளியே விட்டுவிட்டு வீட்டுக்குள் வருகிறோம் தீதி. நீங்கள் சனியை உள்ளே வைத்துக்கொண்டு பௌமாவை வெளியே அனுப்பியிருக்கிறீர்களே" என்றாள். வீட்டு மருமகளை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குக் கோபம் வந்து, அவள் போன பிறகு வாசல் தெளித்தேன். அவள் சொன்னது மட்டும் போகவில்லை.

இரண்டரை வருஷம் எப்படியோ ஓடியது. நீ காலேஜுக்குப் போனாய், வந்தாய், சாப்பிட்டாய். விசாலத்துக்கு மாசம் ஒரு தடவை எழுதினாய் என்றுதான் நினைக்கிறேன். பூஜை லீவுக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு நாள் அவளிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. இங்கே திருக்கணிதத்தில் சனி மீனத்துக்குப் போயாகிவிட்டது என்கிறார்கள், அண்ணா கொண்டுவந்து விடுவதாகச் சொல்கிறார், வரட்டுமா என்று கேட்டிருந்தாள். குழந்தை நன்றாக நடக்கிறது என்றும் எழுதியிருந்தாள். நீ அன்றைக்குச் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் சமையல்கட்டு வாசல்வரை வந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கார்டு வந்த விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"அம்மா, சனிக்கு வளையம் காணாமப் போயிடுத்து" என்றாய்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ ஒரு தாம்பாளத்தை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் படுக்கவைத்துப் பிடித்தாய். வளையம் அவ்வளவு அகலமாக இருந்தாலும் கனம் மிகக் கம்மி, விளிம்பு நம் பக்கமாகத் திரும்புகிற வருஷத்தில் கண்ணாடியிலும் தெரியாது, வெறும் உருண்டை மட்டும் நிற்கிறது, அதன் சந்திரன்கள் இரண்டு பக்கமும் நூலில் கோத்தாற்போல ஒரே வரிசையில் இருக்கின்றன என்றாய். பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் இப்படியாம். நான் கார்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். படித்தாய். உன் வெளிச்சம் அணைந்ததை நான் பார்த்தேன். "அவ சொல்றது சரியாடா?" என்று கேட்டேன். "சரிதாம்மா. நான் தினம் பாக்கறேனே. அது மீனத்துலதான் நிக்கறது. வாக்கியம்தான் பின்தங்கிப் போச்சு" என்றாய். அப்படியானால் வரச்சொல்லி எழுது என்றேன். கார்டைச் சாதப்பானை மூடிமேல் வைத்துவிட்டு, "சித்தப்பா என்ன சொல்றாரோ பாப்போம்" என்று குளிக்கப் போய்விட்டாய்.

சித்தப்பா என்ன சொன்னார் என்பது உனக்குத் தெரியும். வரும்போது திருக்கணிதப்படி முன்னாலேயே வந்த சனி, போகும்போது வாக்கியப்படி பின்னால்தான் போகும் என்றார். வந்ததை ஒன்றிலும் போவதை இன்னொன்றிலும் பார்ப்பது என்ன நியாயம் என்று நான் கேட்டேன். "எல்லாம் ஒரு ஜாக்கிரதைக்குத்தான் மன்னி. ஒரே பிள்ளை. இன்னும் ஒரு வருஷம் பொறுத்தா என்ன குடி முழுகிடப் போறது?" என்றார். ஜாதகம் பார்க்கிறவர்கள் யாரும் இப்படிப் பார்ப்பதில்லை. ஆபீஸில் எந்தப் பக்கமும் தப்பு வராமல் காகிதத்தை நகர்த்திப் பழகினவர்கள் மட்டும்தான் கிரகத்தையும் இப்படி நகர்த்துவார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாய்.

அப்போதும் எனக்கு நம்பிக்கை விட்டுப்போகவில்லை. நீ சமயம் பார்த்துச் சொல்வாய் என்று நினைத்தேன். நவராத்திரிக்குள் அந்தச் சமயமும் வந்தது. நம்மவர்கள் கூடும் சபையில், பேங்க் உத்தியோகஸ்தர்களும் கம்பெனி ஆட்களுமாகக் கூடம் நிரம்பியிருந்தபோது, நீ சனி கிரகத்தைப் பற்றிப் பேசினாய். பெண்கள் மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு அழகாகப் பேசினாய் தெரியுமா. வளையத்தைச் சொன்னாய், இடைவெளியைச் சொன்னாய், உடம்பெல்லாம் பட்டை பட்டையாக ஓடும் மேகத்தைச் சொன்னாய், இந்த வருஷம் வளையம் தெரியாததன் காரணத்தைச் சொன்னாய். என் பக்கத்திலிருந்த மாமி என் கையைப் பிடித்து அழுத்தினாள். கடைசியில் தலைமை வகித்த சித்தப்பா சிரித்துக்கொண்டே, "இவ்வளவு சொன்னியே, இன்னிக்கு சனி எந்த ராசியிலே இருக்கான், சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்" என்றார். நான் தட்டி இடுக்கில் கண்ணை வைத்தேன். மீனம் என்ற ஒரு வார்த்தையை நீ சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேர் எதிரில் சொன்ன பிறகு அவரால் மறுக்க முடிந்திராது. தீபாவளிக்கு விசாலம் இங்கே இருந்திருப்பாள்.

"அதெல்லாம் பெரியவா விஷயம் சித்தப்பா. பஞ்சாங்கத்துல போட்டிருக்கறபடிதான் இருக்கும்" என்றாய். கூட்டம் கை தட்டியது. படிப்பும் அடக்கமும் ஒன்றாக இருக்கிற பிள்ளை என்று ஒருவர் எழுந்து பாராட்டினார். உனக்கு அன்றைக்கு ரசம் விட்டுக் கொடுத்தது நான்தான். உப்புப் போட மறந்திருந்தேன், நீ கவனிக்கவில்லை.

இன்னும் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லி விசாலத்துக்கு நீதான் எழுதினாய். அதற்கு அவள் பதில் போடவில்லை. தையில் என் தம்பி பெண் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேனே, அப்போது அங்கே போய் அவளைப் பார்த்தேன். அண்ணன் வீட்டில் மன்னி கை அசைவுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அந்தக் கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து பேசினோம். சபையில் நடந்ததை நான் மறைக்கவில்லை. நான் சொல்லாவிட்டாலும் கல்கத்தாவிலிருந்து வருகிற யாராவது சொல்லியிருப்பார்கள். அவள் அழவில்லை. வாளிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள், "அவருக்குத் தெரியாதுன்னா நான் எத்தனை வருஷம் வேணும்னாலும் காத்துண்டிருப்பேம்மா. அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலே. இனிமே சனி எங்க இருந்தா எனக்கென்ன?" அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் வைத்துக்கொள்.

அப்படித்தான், இந்த ஐப்பசியில் வாக்கியப் பஞ்சாங்கமும் ஒருவழியாகச் சம்மதித்து, நீ வரச்சொல்லி எழுதியபோது, அவள் வரவில்லை என்று ஒரு வரியில் பதில் போட்டாள். நீ நேரில் போவாய் என்று நினைத்தேன். இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்திருந்தால் ஆயிற்று. நீ போகவில்லை. திமிர் பிடித்தவள் என்று சித்தப்பா சொன்னபோது பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தாய். அவர் வேறு ஜாதகம் கொண்டுவந்தபோதும் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தாய். இந்தப் பெண்ணுக்குச் செவ்வாயும் இல்லை, சனியும் இல்லை, சுத்தமான ஜாதகமாம். பாவம், உன்னைத் தவிர அவளுக்கு வேறு தோஷமே கிடையாது.

அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. புத்தி சொல்கிற ஆசையெல்லாம் எனக்குப் போய்விட்டது, ஆனால் அவளுக்காக ஒன்று சொல்கிறேன். அவளையும் மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போவாய். இப்போது வளையம் திரும்பத் தெரிய ஆரம்பித்திருக்கும். அவளும் ஏதாவது கேட்பாள், நீயும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கணக்குச் சொல்வாய். அவள் உன்னை மகா தைரியசாலி என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நினைக்க விடாதே. உனக்குத் தெரிந்தது எதையும் நம்பி அவள் ஒரு காரியத்தில் இறங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு. கெட்டவனோடு குடித்தனம் நடத்திவிடலாம், அவன் என்ன செய்வான் என்று தெரியும். நீ கெட்டவன் இல்லை. அதுதான் விசாலத்தை ஏமாற்றியது, என்னையும் ஏமாற்றியது.

நான் எங்கே போகிறேன் என்று தேட வேண்டாம். மாயவரத்தில் என் அப்பா எனக்கு வைத்துவிட்டுப் போன வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். விசாலமும் குழந்தையும் அங்கே வந்துவிடுவார்கள். காளிகாட்டிலிருந்து ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு சேர்ந்துதான் போகிறேன், துணைக்கு ஆள் இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். சமையல்கட்டுச் சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது. சித்தப்பாவுக்குக் கஷாயத்துக்கு உள்ளது மேல் தட்டில், மஞ்சள் துணியில் கட்டியிருக்கிறது. பெட்டியில் வைத்திருந்த வெண்கலக் கிண்ணத்தை நான் எடுத்துக்கொண்டேன். குழந்தைக்குப் பருப்பு சாதம் பிசைய உதவும்.

தையில் நான் ஊரிலிருந்து திரும்பி வந்த அன்று நீ ஹௌராவுக்கு வந்திருந்தாய். குதிரை வண்டியில் வீடு வந்து சேரும்வரை நான் காத்துக்கொண்டிருந்தேன். பாலம் தாண்டினோம், மைதானம் தாண்டினோம். ஊரில் மழை உண்டா என்று கேட்டாய். தம்பி பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே உத்தியோகம் என்று கேட்டாய். உன் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. யார் ஜாடை, என்ன நிறம், பேச்சு வந்துவிட்டதா, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தோஷம் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. உனக்குத்தான் பஞ்சாங்கத்தில் நம்பிக்கையும் இல்லை. எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் இருக்கிற சனிக்கு எத்தனை பட்டை, எத்தனை சந்திரன், எது முன்னால் போகிறது, எது பின்னால் வருகிறது என்று உனக்குத் தெரியும். அதைக் கண்ணாடி வைத்து நேருக்கு நேர் பார்த்தாய். பெற்ற பெண்ணை எண்ணெயில் பார்க்கக் காத்திருந்தாய்.

அதனால் அவள் எப்படி இருப்பாள் என்று இந்தக் கடிதத்தில் நான் எழுதப் போவதில்லை. என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மாமியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாமல் விசாலம் வேறு ஏதோ சொல்லிக் கூப்பிடுகிறாள், அதையும் எழுதப் போவதில்லை. சனி மறுபடியும் கும்பத்துக்கு வர முப்பது வருஷம் ஆகும். அதுவரை நான் இருக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்தாலும் சரி, எப்போது வந்தாலும் சரி, மாயவரத்தில் வீடு தெரியாது என்று நீ சொல்ல முடியாது. சாயங்காலத்தில் தெருக் குழந்தைகள் எல்லாம் வாசலில்தான் விளையாடிக்கொண்டிருக்கும். அவற்றில் எது உன்னுடையது என்று யாரையும் கேட்காதே. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், உனக்குத் தானாகத் தெரிகிறதா என்று.